சீழ்க்கையோடு நின்ற பாடல்



பாடகர் ஒருவர் பாடலை முடிக்காமலே மறைந்துவிட்டால் மீதியை யார் நிறைவு செய்வது? எந்த அளவுக்கு நிறைவு செய்வது? 1967ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் இக்கேள்வி ஸ்டீவ் குரோப்பர் என்னும் கித்தார் கலைஞர் முன் வந்து நின்றது. அவருக்கு அப்போது வயது 26. மறைந்த பாடகர் ஓடிஸ் ரெடிங்கிற்கும் அதே வயதுதான்.

ரெடிங் 1941ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்து, மேக்கன் நகரில் வளர்ந்தவர். கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல் மரபும் 'ரிதம் அண்ட் புளூஸ்' இசையும் கலந்து பிறந்த 'சோல்' இசையில் தனியிடம் பெற்றவர். எனினும் அமெரிக்காவின் பொதுப் பாடல் பட்டியலில் அவர் பாடிய எந்தப் பாடலும் அவர் வாழ்நாளில் முதல் 20 இடங்களுக்குள் வரவில்லை. அவர் எழுதிய 'ரெஸ்பெக்ட்' 1967இல் முதலிடம் பெற்றது; ஆனால் அதைப் பாடி அந்த இடத்திற்குக் கொண்டு சென்றவர் அரீதா ஃபிராங்க்ளின்.

அவ்வாண்டு கோடையில் ரெடிங் மாண்டெரே இசைவிழாவில் பாடி, வெள்ளையின இளைஞர்களின் பெருங்கூட்டத்தை ஈர்த்தார். பின்னர் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில், சாசலிட்டோவில் ஒரு படகு வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு பாடலின் தொடக்க அடிகளை எழுதினார். ஊரை விட்டு வந்தும் நிலை மாறாத ஒருவன், துறைமேடையில் அமர்ந்து கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான் பாடலின் கதை. ஆண்டின் பிற்பகுதியில் அவருக்குத் தொண்டையில் அறுவை மருத்துவம் நடந்தது. சில வாரங்கள் பாடக் கூடாது என்பது கட்டளை. அதன்பின் மெம்ஃபிஸ் வந்து, மீதி வரிகளைக் குரோப்பருடன் சேர்ந்து எழுதினார்.

அவர்கள் ஒலிப்பதிவு செய்த ஸ்டாக்ஸ் நிறுவனம் பழைய திரையரங்கு ஒன்றில் இயங்கியது. நிறவேற்றுமை வேரூன்றியிருந்த அந்நகரில், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே அறையில் அமர்ந்து இசையமைத்த இடம் அது. நவம்பர் 22ஆம் நாள் பதிவு தொடங்கியது. டிசம்பர் முதல் வாரத்தில் மேலும் சில சேர்ப்புகள் நடந்தன. பாடலின் முடிவில் ரெடிங்கிடம் சொற்கள் இல்லை, சீழ்க்கை அடித்தார். எழுதப்படவிருந்த வரிகளுக்காக விட்ட இடம் அது என்பர் சிலர். முடிவில் பேச வேண்டியதை மறந்து சீழ்க்கை அடித்தார் என்பர் வேறு சிலர். எப்படியாயினும், திரும்பி வந்து வேலையைத் தொடரும் எண்ணத்தோடுதான் அவர் பயணம் புறப்பட்டார்.

டிசம்பர் 10ஆம் நாள் அவருடைய சிறிய விமானம் விஸ்கான்சின் மாநிலத்தின் மோனோனா ஏரியில் விழுந்தது. எழுவர் இறந்தனர். அவருக்கு வாசித்து வந்த 'பார்-கேஸ்' குழுவின் நால்வரும் அவர்களுள் அடங்குவர். பதின்ம வயதைக் கடந்திராத இளைஞர்கள். பாடகரைப் பற்றி எழுதுவோர் பலர் இவர்களை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். நாள்தோறும் பிள்ளைகளோடு பழகும் நமக்கு அது இயலாது. அக்குழுவில் ஊதுகொம்பு வாசித்த பென் காலி மட்டும் குளிர்ந்த நீரில் இருக்கையின் மெத்தையைப் பற்றிக்கொண்டு உயிர் பிழைத்தார். இடமில்லாமையால் வேறு விமானத்தில் சென்ற ஜேம்ஸ் அலெக்சாண்டரும் அவரும் சேர்ந்து பின்னாளில் குழுவை மீண்டும் கட்டி எழுப்பினர்.

இழப்பின் ஈரம் காயுமுன்பே, பாடலை விரைவில் வெளியிட வேண்டும் என்ற நெருக்கடி குரோப்பருக்கு ஏற்பட்டது. மாணவர் கட்டுரையில் இடைவெளி கண்டால், சிவப்பு மையால் நாமே ஒரு வாக்கியத்தை எழுதி நிரப்பிவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. குரோப்பருக்கும் அந்த வாய்ப்பு இருந்தது. பாடலை உடன் எழுதியவர் என்ற உரிமையும் இருந்தது. புதிதாக ஓரடி எழுதியிருக்கலாம், வேறு குரலைச் சேர்த்திருக்கலாம், சீழ்க்கையை வெட்டியிருக்கலாம். அவர் சேர்த்தவற்றுள் நம் காதில் படுவன அலையோசையும் கடற்பறவைகளின் ஒலியுமே. அவையும் அவர் கற்பனையில் மட்டும் உதித்தவையல்ல. ஒலிப்பதிவின் ஒரு முயற்சியில் ரெடிங்கே வேடிக்கையாகப் பறவைபோல் கத்தியது நாடாவில் இருக்கிறது. நண்பர் வாய்க்குரலால் காட்டியதை உண்மையான ஒலியாக்கினார், அவ்வளவே. சீழ்க்கை இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. இந்த அடக்கம்தான் பாடலைக் காத்தது என்பது என் துணிபு.

'த டாக் ஆஃப் த பே' 1968 ஜனவரியில் வெளிவந்தது. மார்ச் 16 நாளிட்ட பட்டியலில் முதலிடம் பெற்று, நான்கு வாரங்கள் அங்கேயே நின்றது. பாடகர் இறந்தபின் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்ற முதற்பாடல் இதுவே. அடுத்த ஆண்டு இரண்டு கிராமி விருதுகளும் கிடைத்தன. ஆனால் பாடலை உருவாக்கிய ஸ்டாக்ஸ் நிறுவனம் அதனைத் தன்வசம் வைத்திருக்க இயலவில்லை. 1968இல் அட்லாண்டிக் நிறுவனத்துடனான உறவு முறிந்தபோது, ஒப்பந்தத்தின்படி ரெடிங்கின் மூல நாடாக்கள் அட்லாண்டிக்கிற்கே போய்ச் சேர்ந்தன.

ஒரு கறுப்பரும் ஒரு வெள்ளையரும் சேர்ந்து எழுதிய இப்பாடல் முதலிடத்தில் இருந்த அந்த நான்கு வாரங்களின் இறுதியில், ஏப்ரல் 4ஆம் நாள், அதே மெம்ஃபிஸ் நகரில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தங்கியிருந்த லொரேன் விடுதி, ஸ்டாக்ஸ் கலைஞர்கள் வழக்கமாகக் கூடும் இடம். குரோப்பரும் கறுப்பினப் பாடகர் எடி ஃபிளாய்டும் ஒன்றாக அமர்ந்து 'நாக் ஆன் வுட்' என்னும் பாடலை எழுதியது அவ்விடுதியின் அறை ஒன்றில்தான்.