காயம்பட்ட மானும் இரண்டு கட்சிகளும்

துப்பாக்கியைக் கையில் தொட்டறியாதவன் நான். வேட்டையில் எனக்கு ஆசையும் கிடையாது. ஆனாலும் இரண்டு அமெரிக்க வேட்டைக்காரர்கள் பத்திரிகைகளில் வருஷக் கணக்கில் நடத்திய சண்டை என் மனத்தைக் கவர்ந்துவிட்டது. சண்டை எதைப் பற்றி என்கிறீர்கள்? 'எல்க்' என்ற மானைச் சுடுவதற்கு எந்தக் குண்டு ஏற்றது என்பதைப் பற்றி!

எல்க் என்றால் புள்ளிமானைப் போன்ற சிறு பிராணி என்று எண்ணிவிடக் கூடாது. நம் மலைக்காட்டு மிளாவுக்கு உறவு. ஆனால் அதைவிடப் பெரியது. ராக்கி மலைகளில் திரியும் ஆண் எல்க் ஒன்று 300 கிலோவுக்கு மேல்கூட இருக்கும். தடித்த தோல், கனத்த தோள் எலும்பு. அவற்றுக்குப் பின்னால்தான் இருதயமும் நுரையீரலும். குண்டு அங்கே போய்ச் சேர்ந்தால் சிறிது நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். சேராவிட்டால் மான் காயத்தோடு காட்டுக்குள் ஓடி மறையும். யார் கண்ணிலும் படாமல் எங்கேயோ கிடந்து துடிக்கும். ஆகவே அந்தச் சண்டை வெறும் வீண் வம்பு அல்ல.

1925-ல் வின்செஸ்டர் கம்பெனி '.270' என்ற தோட்டாவை வெளியிட்டது. அதன் குண்டு 7 மில்லிமீட்டர் குறுக்களவுதான். எடை 130 கிரெயின். ஏறக்குறைய எட்டரை கிராம். வேகமோ விநாடிக்கு 3,000 அடிக்கும் அதிகம். இதற்காகப் பரிந்து பேசியவர் ஜாக் ஓகானர். அரிஸோனா சர்வகலாசாலையில் பாடம் சொன்னவர்; பிறகு 'அவுட்டோர் லைஃப்' பத்திரிகையில் துப்பாக்கிப் பகுதியை நடத்தியவர். நாவலும் எழுதியிருக்கிறார், ஆகவே நம் தொழில்காரர்! கனமான தோட்டா சுடுகிறவன் தோளையே உதைக்கும். உதைக்குப் பயந்தவன் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பான். உதை குறைந்த துப்பாக்கியால் குறி தவறாமல் சுட்டால் சிறிய குண்டே போதும். இதுதான் அவருடைய கட்சி.

எதிர்க் கட்சிக்காரர் எல்மர் கீத். மாட்டுப் பண்ணையில் உழைத்தவர். வேட்டைக்கு வருகிறவர்களுக்கு மலையில் வழிகாட்டியாகப் போனவர். பிறர் சுட்டுக் காயப்படுத்திய மான்களைத் தேடி அலையும் வேலை அவர் தலையில் விழுந்தது. மான் என்ன, படம் எழுத நிற்பது போலப் பக்கவாட்டில் திரும்பி நிற்குமா? ஓடுகிறபோது பின்புறம்தான் தெரியும். எலும்பை உடைத்து உள்ளே வெகுதூரம் போக, 250 கிரெயினாவது எடையுள்ள பருத்த குண்டு வேண்டும் என்றார் அவர். வேடிக்கை என்னவென்றால், 1948-க்குப் பிறகு இருவரும் இடாஹோ என்ற ஒரே மாகாணத்தில்தான் வாழ்ந்தார்கள்.

யார் ஜெயித்தார்கள்? 1958-ல் அதே வின்செஸ்டர் கம்பெனி, கீத்தின் மனம் குளிரும்படி '.338' என்ற பெரிய தோட்டாவையும் வெளியிட்டது. வியாபாரிக்கு இரண்டு கட்சியும் வாடிக்கைதானே!

இதற்கிடையில் விஷயத்தை வேறொரு பக்கமாக யோசித்தவர் ஜான் நாஸ்லர். 1946-ல் அவர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் போனார். அங்கே எல்க்கைவிடப் பெரிய 'மூஸ்' ஒன்றைச் சுட்டார். அதன் உடம்பெல்லாம் காய்ந்த சேறு. துப்பாக்கி பலமானது, குறியும் தவறவில்லை. ஆனால் குண்டுகள் மேல்பரப்பிலேயே சிதறிவிட்டன. பல முறை சுட வேண்டியதாயிற்று. வேறொருவராக இருந்தால் இன்னும் பெரிய துப்பாக்கி வாங்கியிருப்பார். நாஸ்லர் வீடு திரும்பிக் குண்டையே மாற்றினார். செம்பு உறையின் நடுவே குறுக்காக ஒரு சுவர். முன் அறையிலும் பின் அறையிலும் ஈயம். முன்பகுதி மொட்டு விரிவதுபோல் விரிந்து காயத்தை அகலப்படுத்தும். பின்பகுதி உருக்குலையாமல் ஆழத்துக்குச் செல்லும். 'பார்ட்டிஷன்' என்ற அந்தக் குண்டை 1948-ல் விற்கத் தொடங்கினார்.

இவ்வளவு காலம் குண்டின் பருமனையும் வேகத்தையும் பற்றியே வாதம் நடந்தது. உள்ளே போன பிறகு அது என்ன ஆகிறது என்பதும் அதே அளவு முக்கியம் என்று நாஸ்லரின் குண்டு காட்டிவிட்டது. இத்தகைய குண்டைப் பொருத்தினால் ஓகானரின் சிறிய தோட்டாவும் ஆழம் போகும். கீத்தின் பெரிய தோட்டாவும் சிதறாது.

இன்று கொலராடோ மாகாணத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது. எல்க்கைச் சுடும் ரைபிளின் குழாய் அளவு குறைந்தது 6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். குண்டு 85 கிரெயினுக்குக் குறையக் கூடாது. உள்ளே விரியும் ஜாதியாகவும் இருக்க வேண்டும். குண்டுக்குச் சட்டம் போடலாம். 'இந்தத் தூரத்திலிருந்து என்னால் முடியாது' என்று துப்பாக்கியைத் தாழ்த்துகிற மனத்துக்கு யார் சட்டம் போடுவது?

ஓகானர் 1978-லும் கீத் 1984-லும் காலமானார்கள். கடைசிவரை இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனால் இருவர் வாதத்தையும் உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரே பயம்தான். காயத்தோடு காட்டுக்குள் மறைந்த ஒரு மான். அதன் ரத்தத் துளிகளைத் தேடிப் பொழுது சாயும்வரை நடந்து, வெறுங்கையோடு திரும்பும் ஒரு மனிதன்.