கைக்குள்ள ஒரு கார் சாவி

பாம்பன்ல காரை நிறுத்திட்டுக் கடல்ல இறங்கினா சாவியை எங்க வைக்கிறது? இந்தக் கேள்விக்கு ஒரு சின்ன வரலாறு இருக்கு.

1998 ஆகஸ்ட்ல, இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் கெவின் வார்விக் கையில ஒரு சிப்பைப் பதிச்சுக்கிட்டார். அவர் வந்தா துறையோட கதவுகள் தானாத் திறந்துச்சு. ஒன்பது நாள்ல எடுத்துட்டார். 2005-ல அமெரிக்காவின் அமல் கிராஃப்ஸ்ட்ரா அதையே அன்றாடப் பழக்கமா மாத்தினார்: வீட்டுக் கதவு, கார் கதவு எல்லாம் கையாலதான்.

சிப்புக்கு பேட்டரி கிடையாது. ரீடரோட காயில்தான் அதுக்கு மின்சாரம் தருது; அதனால கையை ரொம்பப் பக்கத்துல கொண்டுபோகணும். ரீடரைக் கண்ணாடிக்கு உள்பக்கமா ஒட்டலாம். நம்ம ராமேஸ்வரம் உப்புக் காத்துக்கு அதுதான் நல்லது! எண் சரியா இருந்தா ஒரு ரிலே, கதவு திறந்துடும்.

இன்ஜின் வேற கதை. சாவித் தலைக்குள்ள இருக்கிற இம்மொபைலைசர் சிப்பையும் வண்டி கேட்கும். உதிரிச் சாவியை வண்டிக்குள்ளயே ஒளிச்சு வைக்கிறவங்க இருக்காங்க. அப்புறம் பூட்டு எதுக்குங்க?

இன்னொண்ணு, பழைய வகை சிப் யார் கேட்டாலும் தன் எண்ணைச் சொல்லிடும். காப்பி ஆயிடுச்சுன்னா, மாத்த மறுபடியும் ஊசிதான்.