இரண்டாவது வழி: தொழிற்சாலை ஈதர்நெட் சுவிட்சுகளின் கதை

ஒரு கேபிள் அறுந்தால் உதவ இன்னொரு கேபிள் இருக்கட்டும் என்பது யாருக்கும் தோன்றும் யோசனைதான். ஆனால் ஈதர்நெட்டில் இந்த நல்ல யோசனையே நெட்வொர்க்கைப் படுக்க வைத்துவிடும்! இரண்டாவது வழியைப் போடுவது சுலபம். அதை எப்போது மூடி வைப்பது, எப்போது திறப்பது என்பதுதான் கஷ்டம். தொழிற்சாலை சுவிட்சுகள் இதைக் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

வளையம் என்னும் ஆபத்து

ஈதர்நெட் 1973-ல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பிறந்தது. அதன் தகவல் பொட்டலங்களுக்கு ஆயுள் வரம்பு கிடையாது. இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே இரண்டு கேபிள்கள் இருந்தால், எல்லோருக்கும் அனுப்பப்படும் ஒரு பொட்டலம் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அடுத்தடுத்து வருபவையும் சேர்ந்துகொள்ள, சில நொடிகளில் நெட்வொர்க் திணறிவிடும்.

இதற்கு 1985-ல் வழி கண்டவர் டெக் நிறுவனத்தில் பணியாற்றிய ரேடியா பெர்ல்மன். அவருடைய 'ஸ்பானிங் ட்ரீ' முறையில் சுவிட்சுகள் தங்களுக்குள் பேசி ஒன்றை வேராகத் தேர்ந்தெடுக்கும். அதிலிருந்து மரம் போலக் கிளைக்கும் பாதைகளை மட்டும் திறந்து, மற்றவற்றை மூடிவிடும். மரத்தில் ஏது வளையம்? 1990-ல் இது ஐ.இ.இ.இ. 802.1டி என்ற தரமானது.

இந்த முறைக்கும் எல்லை உண்டு என்பதை 2002 நவம்பரில் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனை உணர்ந்தது. துண்டு துண்டாக வளர்ந்த அதன் நெட்வொர்க் ஸ்பானிங் ட்ரீ தாங்கும் அளவைத் தாண்டிச் சரிந்தது. கணினியை நம்பியிருந்த மருத்துவர்கள் சில நாட்களுக்குக் காகிதத்துக்கே திரும்பினார்கள்.

50 நொடியும் 200 மில்லி நொடியும்

பழைய ஸ்பானிங் ட்ரீ மாற்றுப்பாதையைத் திறக்க 30 முதல் 50 நொடி எடுக்கும். அலுவலகத்தில் அது ஒரு வாய் டீ குடிக்கும் நேரம். தொழிற்சாலையில் அவ்வளவு நேரம் தகவல் வராவிட்டால் கட்டுப்பாட்டுக் கருவி இயந்திரங்களை நிறுத்திவிடும். 2001-ல் வந்த வேக ஸ்பானிங் ட்ரீ இதைச் சில நொடிகளுக்கும் கீழே கொண்டுவந்தது.

தொழிற்சாலைக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 1990-களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் ஹிர்ஷ்மன் நிறுவனம் சுவிட்சுகளை வேண்டுமென்றே வளையமாக இணைத்தது. வளையத்தின் ஒரு முனையை மேலாளர் சுவிட்ச் மூடி வைத்திருக்கும். அது அனுப்பும் சோதனைப் பொட்டலம் சுற்றி வந்து சேர்ந்தால் வளையம் நலம். வராவிட்டால் எங்கோ அறுந்துவிட்டது, உடனே மூடிய முனை திறக்கும். இதிலிருந்து வளர்ந்த எம்.ஆர்.பி. முறை 2008-ல் ஐ.இ.சி. 62439 தரத்தில் இடம்பெற்றது. 50 சுவிட்சுகள் கொண்ட வளையத்தை இது 200 மில்லி நொடிக்குள் மீட்கும்.

மின்சாரத் துணைநிலையங்களுக்கு அதுவும் போதவில்லை. அங்கே பயன்படும் பி.ஆர்.பி. முறையில் ஒவ்வொரு பொட்டலமும் தனித்தனியான இரு நெட்வொர்க்குகளில் ஒரே சமயத்தில் போகும். முதலில் வருவதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். மீட்கும் நேரம் பூஜ்யம்!

கேட்டுக் கொடுக்கும் மின்சாரம்

கேமராவுக்கும் தொலைபேசிக்கும் தகவல் கேபிளிலேயே மின்சாரம் தரும் 'பவர் ஓவர் ஈதர்நெட்' 2003-ல் 802.3ஏஎஃப் என்ற தரமானது. அன்று ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட். 2009-ல் 30 வாட், 2018-ல் 90 வாட் என்று வளர்ந்தது. இங்கேயும் அதே எச்சரிக்கை உண்டு. சுவிட்ச் எடுத்தவுடன் 48 வோல்ட்டைத் தள்ளுவதில்லை. முதலில் சிறிய மின்னழுத்தம் கொடுத்து, மறுமுனையில் 25 கிலோ ஓம் மின்தடை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால்தான் முழு மின்சாரம். இல்லாவிட்டால் சாதாரணக் கணினி சேதமாகலாம்.

ஆனால் எல்லாக் கேமராக்களும் ஒரே சுவிட்சை நம்பினால், அதன் மின்சாரம் போனால் எல்லாம் போச்சு. அதனால்தான் தொழிற்சாலை சுவிட்சுகளில் இரண்டு மின் இணைப்புகள். ஒன்று செத்தாலும் மற்றது தாங்குவதால் யாருக்கும் தெரியாது. இரண்டாவதும் சாகும்போதுதான் தெரியும்! இதற்காகவே பல சுவிட்சுகளில் எச்சரிக்கை ரிலே ஒன்றும் உண்டு. அதற்கு விளக்கோ மணியோ இணைக்காமல் விட்டால், இரண்டாவது வழி இருந்தும் பெரிய பயனில்லை.