டிராக்கர் இசையும் சிப் எமுலேஷனும்

டிராக்கர் என்பது கணினியில் இசையமைக்கும் மென்பொருள் வகை. திரையில் வரிசைகள் மேலிருந்து கீழாக ஓடும். வரிசைக்கு வரிசை சுரம், வாத்தியம், ஒலியளவு ஆகியவற்றை எழுத்தாலும் எண்ணாலும் குறிப்பார்கள். கார்ஸ்டன் ஓபார்ஸ்கி 1987-இல் அமிகா கணினிக்கு எழுதிய அல்டிமேட் சவுண்ட்டிராக்கர் இதற்கு முன்னோடி. அதன் மாட் கோப்புக்குள் ஒலித்துணுக்குகளும் இருக்கும். அமிகாவின் பௌலா சிப் அவற்றை நான்கு சேனல்களில் வாசித்தது.

2005-இல் வந்த ஃபேமிடிராக்கர் அப்படியல்ல. அதன் கோப்பில் பெரும்பாலும் நின்டெண்டோ ஃபேமிகாமின் (1983) ஒலிச் சிப்புக்கான கட்டளைகளே உண்டு. சிப் இல்லாத இடத்தில் அதைப்போலவே நடந்துகொள்ளும் நிரல் வேண்டும். அதுவே எமுலேஷன்.

ஃபேமிகாமில் இருந்த ரிக்கோ நிறுவனத்தின் 2ஏ03 சிப்பில் இரண்டு சதுர அலைகள், ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல், ஓர் ஒலித்துணுக்குச் சேனல். முக்கோண அலைக்கு ஒலியளவுக் கட்டுப்பாடே கிடையாது. சேனல்களின் ஒலி நேர்விகிதத்தில் கூடுவதுமில்லை. இந்தக் குறைகளையும் அப்படியே காட்டுவதுதான் துல்லியம். நொடிக்கு சுமார் 17.9 லட்சம் துடிப்பில் இயங்கும் சிப்பின் ஒலியை நொடிக்கு 44,100 மாதிரிகளாக அப்படியே வெட்டினால் பாட்டில் இல்லாத சுரங்கள் கேட்கும். இதைத் தடுக்க, அலையின் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்தையும் அலைவரிசை வரம்புக்குள் அடக்கித் தரும் முறையை ‘பிளார்க்’ என்ற பெயரில் எழுதிய ஷே கிரீன் தம் நிரல்நூலகங்களில் தந்தார். பின்வந்த பல பிளேயர்களுக்கு அதுவே அடித்தளம்.

எந்தச் சிப்புக்குத் துல்லியம் என்ற கேள்வி நமக்கு முக்கியம். 1990-களில் தமிழகத்தில் ‘டிவி கேம்’ என்று விற்ற பெட்டிகள் பெரும்பாலும் ஃபேமிகாமின் நகல்கள். அத்தகைய நகல் சிப்புகள் பலவற்றில் சதுர அலையின் (ஒரு சுற்றில் அலை மேல்நிலையில் இருக்கும் பங்கு) 25 சதவீத, 50 சதவீத வடிவங்கள் இடம் மாறியிருந்தன. கூர்மையாக ஒலிக்க வேண்டிய மெட்டு உருண்டு ஒலித்தது, உருண்டது கூர்மையானது. நம் வீடுகளில் மாரியோவை அப்படிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அசல் ஜப்பானியச் சிப்பின் ஒலி அந்நியமாகப் படுவது இயல்பு. இரண்டுமே வரலாற்று ஒலிகள்தாம். பிழை என்று நகலின் ஒலியை ஒதுக்குவது சரியல்ல. எஃப்சிஇயூஎக்ஸ், மெசன் ஆகிய எமுலேட்டர்களில் அந்த இடமாற்றத்துக்கென்றே தனி அமைப்பு இருக்கிறது. பரணில் பழைய டிவி கேம் பெட்டி கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். அதன் ஒலியைப் பதிவுசெய்து, சிப்பின் மேல் பொறித்த எண்ணையும் குறித்து வையுங்கள்.