படகு ஓரத்துல டயர் தொங்குறது எதுக்கு? ஃபெண்டரை சரியா கட்டுறது எப்படி?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனவங்க கண்டிப்பா இதைப் பார்த்திருப்பீங்க. விசைப்படகுகளின் ஓரத்தில் பழைய டயர்கள் வரிசையாகத் தொங்கும். அவை அழகுக்காக அல்ல. படகுக்கும் துறைமுகச் சுவருக்கும் நடுவில் நின்று அடி வாங்குவதுதான் அவற்றின் வேலை. இப்படித் தொங்கவிடும் தடுப்புக்குப் பெயர் ஃபெண்டர்.

கரையில் நிற்கும் படகுக்கு என்ன ஆபத்து?

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கரையைக் கடந்தபோது, காசிமேட்டில் கட்டிப்போட்டிருந்த படகுகள் ஒன்றோடு ஒன்று மோதி சேதமடைந்தன. கடலுக்கே போகாத படகுகள் அவை!

விசைப்படகு பல டன் எடை கொண்டது. அலையில் மெதுவாக ஆடினாலும், சுவரில் மோதும்போது மொத்த அடியும் நொடிப்பொழுதில் ஒரே இடத்தில் விழும். மரத்தில் விரிசல் விடும், ஃபைபர் உடையும். நடுவில் ரப்பர் இருந்தால் அது அமுங்கி, அடியைப் பரவலாக வாங்கிக்கொள்ளும்.

எத்தனை கட்டணும்?

சிறிய படகுகளுக்குப் பொதுவான கணக்கு: 10 அடி நீளத்துக்கு ஒன்று, குறைந்தது மூன்று. படகின் அகலமான பகுதியில் ஒன்று கட்டாயம். மற்றவை அணியம் பக்கமும் பின்பக்கமும். காற்றடைத்த உருளை ஃபெண்டர் என்றால், ஒவ்வொரு 5 அடி நீளத்துக்கும் 1 அங்குல விட்டம். அதாவது 30 அடி படகுக்கு 6 அங்குலம்.

எந்த உயரத்தில்?

இங்கேதான் பலர் தவறு செய்றாங்க. படகு எந்த இடத்தில் சுவரைத் தொடுகிறதோ, அந்த உயரத்தில் ஃபெண்டர் இருக்கணும். பக்கத்தில் இன்னொரு படகு நின்றால், இரண்டும் உரசும் இடத்தைப் பார்த்துக் கட்டணும். சென்னையில் ஓதம் ஏறி இறங்கும்போது நீர்மட்டம் சுமார் 1 மீட்டர் வரை மாறும். அதனால் காலையில் கட்டியதை மாலையில் ஒருமுறை பார்ப்பது நல்லது.

சுவருக்குப் பதில் தூண்கள் இருந்தால், ஃபெண்டர் தூணை விட்டு விலகிப் போய்விடும். அங்கே இரண்டு ஃபெண்டர்களுக்கு வெளிப்பக்கம் ஒரு நீளப் பலகையைத் தொங்கவிட்டால், பலகை தூணில் உரசும், படகு தப்பிக்கும்.

எந்த முடிச்சு?

அதிகம் பயன்படுவது 'கிளோவ் ஹிட்ச்'. கயிற்றைக் கம்பியில் ஒரு சுற்று சுற்றுங்க. அதைக் குறுக்காகத் தாண்டி இன்னொரு சுற்று. நுனியை இரண்டாவது சுற்றுக்கு அடியில் நுழைத்து இழுத்தால் முடிந்தது. உயரத்தை மாற்றுவது சுலபம். ஆனால் படகு ஆட ஆட இது நழுவும். ராத்திரி முழுக்க நிற்கும் படகு என்றால், தொங்கும் கயிற்றின் மேல் இரண்டு அரைமுடிச்சுகள் சேர்த்துப் போடுங்க.

கயிற்றை கைப்பிடிக் கம்பியின் மேல்பகுதியில் கட்டாதீங்க, இழுப்பில் வளைந்துவிடும். கம்பியின் அடிப்பகுதி அல்லது கயிறு கட்டும் கட்டை சரியான இடம். விளிம்பில் கயிறு உரசும் இடத்தில் ஒரு துண்டு ஹோஸ் பைப் மாட்டினால் சீக்கிரம் அறுந்து போகாது.

டயர் போதுமா?

செலவு குறைவு, நல்லா தாங்கும். ஆனால் தேய்ந்த டயரில் இருந்து எஃகுக் கம்பி வெளியே நீட்டினால் உடனே மாற்றணும். அடியில் ஓட்டை போட்டால் மழைநீர் தேங்காது, கொசுவும் வராது.

மறக்கக் கூடாதவை

* படகு சுவரை நெருங்கும்போது கையையோ காலையோ நடுவில் வைத்துத் தள்ளாதீங்க. எலும்பு நொறுங்கும்.
* படகைக் கட்டும் கயிறு தளர்ந்தால் ஃபெண்டர் இடம் மாறிவிடும். இரண்டையும் சேர்த்தே சரிபாருங்க.
* புறப்பட்டதும் கழற்றக்கூடிய ஃபெண்டர்களை உள்ளே எடுத்துடுங்க. வலை சிக்கும்.
* துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும் கூடுதல் ஃபெண்டர் கட்டி, பழைய கயிறுகளை மாற்றிடுங்க.

டயர் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், கயிறு அறுந்தால் அது கடலுக்குள்ள போயிடும். அதனால முதல்ல கயிற்றைப் பாருங்க!