காரணி தெரியாத பகு எண்

67 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் தொகையில் ஒன்றைக் கழித்தால் 147573952589676412927 என்னும் 21 இலக்க எண் கிடைக்கும். பாரிஸில் வாழ்ந்த துறவி மாரன் மெர்சென், இவ்வாறு இரண்டின் அடுக்கில் ஒன்று குறைத்துப் பெறும் எண்களுள், 257ஆம் அடுக்கு வரையில், பகா எண்கள் எவை என்று 1644இல் வெளியிட்ட நூலில் ஒரு பட்டியல் தந்தார். பகா எண் என்பது ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதது. பட்டியலில் 67ஆம் அடுக்கும் இருந்தது. அவ்வளவு பெரிய எண்களை அவர் சோதித்திருக்க முடியாது என்பது வெளிப்படை. எனினும் மறுப்பதற்கும் வழியில்லாமையால் அக்கூற்று இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைத்தது.

31ஆம் அடுக்குக்குரிய 2147483647 பகா எண்ணே என்று 1772இல் கணிதர் ஆய்லர் காட்டியபோது, அதன் வர்க்கமூலமாகிய சுமார் 46,000 வரையில் தகுதியான வகு எண்களைச் சோதிப்பதே போதுமானதாயிருந்தது. 67ஆம் அடுக்குக்கோ வர்க்கமூலமே 1,200 கோடியைத் தாண்டுவதால், கையால் வகுத்துப் பார்ப்பது ஆகாத காரியம்.

இத்தடையை 1876இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா வேறு வழியில் கடந்தார். அவருடைய முறை இன்று வழங்கும் வடிவில் மிக எளியது: 4இல் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் எண்ணை வர்க்கமாக்கி, 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும், அடுக்கைவிட இரண்டு குறைவான படிகளின் முடிவில் மீதி சுழியமானால் அது பகா எண், இல்லையேல் பகு எண். ஐந்தாம் அடுக்குக்குரிய 31க்கு 4, 14, 8, 0 என மூன்றே படிகளில் விடை வந்துவிடுகிறது. 67ஆம் அடுக்குக்குரியது பகு எண் என்று லூக்கா கண்டது உறுதிதான். ஆனால் அதை வகுக்கும் காரணி எது என்பதை அவர் சோதனை சொல்லவில்லை. ஓர் எண் உடையும் என்று அறிவதும், எங்கே உடையும் என்று அறிவதும் வெவ்வேறு அறிவுகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அக்காலக் கணிதத்தில் அரிது.

அந்த இடைவெளி 27 ஆண்டுகள் நீடித்தது. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் கூடிய அமெரிக்கக் கணிதக் கழகத்தின் முன் ஃபிராங்க் நெல்சன் கோல், அந்த 21 இலக்க எண்ணைத் தரும் 193707721 × 761838257287 என்னும் பெருக்கலை வைத்தார். அவர் ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டி அமர்ந்ததாகவும், மூன்றாண்டு ஞாயிறுகளை அதற்குச் செலவிட்டதாகவும் பின்னாளில் எரிக் டெம்பிள் பெல் எழுதிய கதை பெரும்புகழ் பெற்றது. கதைசொல்லும் ஆர்வம் மிகுந்த பெல்லின் கூற்றைச் சற்று எச்சரிக்கையோடு கொள்வதே நன்று. பொறுமை மட்டும் கோலுக்குத் துணைநின்றதில்லை. இவ்வெண்ணின் எந்தக் காரணியும் 134ஆல் வகுக்கும்போது ஒன்றை மீதியாக விட்டாக வேண்டும் என்பது முன்பே அறிந்த விதி. அவ்விதிக்குள்ளேயே நின்றாலும், சிறிய காரணி 134இன் 14,45,580ஆம் மடங்கைவிட ஒன்று அதிகமான எண்ணாக இருப்பதால், மேலும் நுண்ணிய வடிகட்டல் இன்றி அதை அடைந்திருக்க இயலாது.

மெர்சென்னின் பட்டியல் முழுமையாகச் சரிபார்க்கப்பட்டது 1947இல்தான். 67உம் 257உம் தவறாக நுழைந்தவை என்றும், 61, 89, 107 ஆகியவை விடுபட்டவை என்றும் அப்போது முடிவாயிற்று. 61 என்பதே அச்சில் 67 ஆகிவிட்டது என்று மெர்சென்னுக்காக வாதாடியோர் உண்டு. மற்ற மூன்று பிழைகளுக்கு அவ்வாதம் உதவாது.