கவ்வாத்துக் கத்தியும் ஃபாரடேயும்

எங்க வீட்டுக் கூரை மூலையில தாத்தா பாவிச்ச கவ்வாத்துக் கத்தி ஒண்டு சொருகியிருக்கு. மடுல்கெல்ல பக்கம் தேயிலையைக் கவ்வாத்து வெட்டினவங்களுக்குத் தெரியும்: கத்தி ரொம்ப மெதுவா இருந்தா வாய் மழுங்கும், ரொம்ப விறைப்பா இருந்தா வாது முண்டுல பட்டுத் தெறிக்கும். உறுதியும் வேணும், உடையாமலும் இருக்கணும். இந்த இரண்டுக்கும் நடுவிலான பதத்தைத் தீர்மானிப்பது சூடும் கலவையும்தான்.

இது இந்த மண்ணுக்குப் புது அறிவு இல்லை. பலாங்கொடைக்குப் பக்கத்தில், சமனலவெவவில், தென்மேல் பருவக்காற்றையே துருத்தியாக்கி இரும்பு உருக்கின உலைகளைத் தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் கண்டுபிடித்து, 1996இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அவை 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையான காலத்தவை. அதே மாதிரி உலை கட்டிப் பரிசோதித்தபோது கரி கூடிய உருக்கே கிடைத்தது.

கடலுக்கு அந்தப் பக்கம், சேலம் போன்ற ஊர்களில், இரும்பையும் விறகையும் இலையையும் மண் மூசையில் அடைத்து உருக்கினார்கள். ஐரோப்பியர் அதை 'வூட்ஸ்' என்றார்கள். அதில் கரி ஏறத்தாழ ஒன்றரை வீதம். கரி கூடினால் உறுதி கூடும், வளைந்துகொடுப்பது குறையும். ஐரோப்பியக் கொல்லர்கள் தங்கள் இரும்பைப் போலவே அதையும் வெண்சூட்டில் காய்ச்சி அடித்தபோது நொறுங்கிப்போனது. சிவப்புச் சூட்டில், பொறுமையாக அடிக்க வேண்டிய பொருள் அது.

1819இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே வூட்ஸைப் பகுத்துப் பார்த்தார். அதன் ரகசியம் அலுமினியம் என்று நினைத்தார், அது பிழை. ஆனால் அந்தத் தேடலில்தான் உருக்கோடு வெள்ளி, பிளாட்டினம் எல்லாம் கலந்து பார்த்தார். கலப்புருக்கு ஆராய்ச்சியின் தொடக்கங்களில் அதுவும் ஒண்டு. இன்று மொலிப்டினத்தோடு கொஞ்சம் டைட்டானியமும் சிர்கோனியமும் சேர்த்து, கடும் சூட்டிலும் தளராத உலோகம் செய்வதும் அதே கேள்விக்கான பதில்தான்.

ஃபாரடேயின் பேர் புத்தகத்தில் இருக்கு. மூசை வைத்தவர்களின் பேர் இல்லை. எங்க ஆட்கள் இந்த மலைக்கு வந்த மாவட்டங்களில் சேலமும் ஒண்டு. ஆனால் எங்களைப் பற்றி எழுதுறவங்க வெறுங்கையோட வந்த கூலிகள் என்றுதான் தொடங்குறாங்க. ஊரில் இருந்த அந்த அறிவு கணக்கிலேயே வருவதில்லை.

தாத்தாவோட கத்திக்குத் தோய்ச்சல் போட்ட ஆசாரி யாருன்னு நான் அவர்கிட்ட கேட்கவே இல்லை. இப்ப கேட்க தாத்தா இல்லை. உங்க தோட்டத்தில் யாராவது இருந்தா, இந்தக் கிழமையே கேட்டு எழுதி வையுங்க.